மலையாளக் கரையில் ஒரு மடிக்கணினி

செங்கோட்டை

தென்காசியைத் தாண்டியவுடனே காற்றில் ஏறிவரும் குளிர்ச்சியும், அதோடு கலந்து வரும் ஈர மண்ணின் வாசனையும், இனி வரப்போவது வேறொரு சீமை என்பதைப் பிரயாணிக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. செங்கோட்டை நிலையத்தில் வண்டி சற்று இளைப்பாறுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப்படும் வரையில் மலைக்கு அப்பாலிருந்த ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர் இது. தமிழ் பேசிக்கொண்டே திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாகப் பிறந்த முதியவர்கள் சிலரை நான் அறிவேன். இரண்டு பக்கத்துக்கும் உரியவராக இருப்பதில் அவர்களுக்கு விசேஷமான சங்கடம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பிரயாணத்தில் என்னோடு வந்த துணை ஒரு பழைய மடிக்கணினி. என் எழுத்து வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. அதில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் பத்தாம் பதிப்பின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவுற்றது என்பதைப் பத்திரிகையில் படித்த திருவனந்தபுரத்துச் சிநேகிதர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி உபாத்தியாயர், "யந்திரத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் அண்ணாச்சி, இருப்பதைக் கலைக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் குடியேற்றிவிடலாம்" என்று எழுதியிருந்தார். மலையாள நாட்டைப் பார்ப்பதற்கு வருஷந்தோறும் ஒரு சாக்குத் தேடுகிற எனக்கு அந்த அழைப்பே போதுமானதாக இருந்தது. லினக்ஸைப் பற்றி எனக்கு அப்போதிருந்த ஞானம், அது இலவசம், கடினம், பென்குயின் படம் போட்டது என்ற மூன்று செய்திகளுக்கு மேல் போகாது.

தென்மலை வழியே

பகவதிபுரத்தை விட்டதும் வண்டி குகைக்குள் நுழைகிறது. வெளியே வரும்போது ஆரியங்காவு. 1904ஆம் ஆண்டு முதல் சிறிய ரயில் பாதையாக இருந்து, அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காகப் பல வருஷங்கள் மூடிக்கிடந்து, 2018இல் மறுபடி முழுமையாகத் திறக்கப்பட்ட தடம் இது. கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி வளைந்து செல்லும்போது, பெட்டியிலிருந்த குழந்தைகள் எல்லாரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு ஓடினார்கள். அவர்களைக் கண்டிப்பதுபோல எழுந்த பெரியவர்களும் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

எதிர் ஆசனத்தில் இருந்தவர் புனலூருக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஜீவசாஸ்திரம் கற்பிக்கும் ஆசிரியை. தென்காசியில் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்து திரும்புகிறவர். தமிழும் மலையாளமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும் பேச்சு. நான் கணினியைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "சாருடைய யந்திரத்தில் ஒன்றுதானா உண்டு?" என்று கேட்டார். கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. "எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. அவருக்குச் சங்கத்துக் கணக்கு விண்டோஸில், எனக்கும் பிள்ளைகளுக்கும் லினக்ஸில்" என்று அவர் விளக்கியபோது, வீட்டில் மாடு உண்டா என்று விசாரிக்கும் சாதாரணத் தோரணையே குரலில் இருந்தது. எங்கள் ஊரில் இந்த விஷயம் பொறியியல் படிக்கும் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரகசியங்களில் ஒன்று. இங்கோ தவளையின் இருதயத்தைக் கற்பிக்கும் ஓர் அம்மாள், மடியில் சம்பங்கிப் பூப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அதைப் பற்றி எனக்கு எடுத்துச் சொல்லுகிறார்.

அவர் சொன்னதிலிருந்தும் பின்னால் திருவனந்தபுரத்தில் கேட்டதிலிருந்தும் அறிந்த விருத்தாந்தம் இது. கேரள அரசு 2001இல் பள்ளிகளுக்கென்று 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் மூலபுருஷரான ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில், அவ்வியக்கத்தின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் ஆரம்பமாயிற்று. 2006இல் அவர் மறுபடி வந்து மந்திரிகளையும் அதிகாரிகளையும் கண்டு பேசியபின், உயர்நிலைப் பள்ளிகளின் கணினிகளை விண்டோஸிலிருந்து மாற்றும் முயற்சி வேகம் பெற்றது. அப்போது பேசப்பட்ட பள்ளிகளின் எண்ணிக்கை 12,500. எனினும் ஆசிரியை இந்தப் பெரிய மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோடை விடுமுறைகளில் தாமும் சக ஆசிரியர்களும் பயிற்சிக்குப் போனதையும், எலியைப் பிடித்து நகர்த்தவே கை நடுங்கிய ஒரு வயதான சம்ஸ்கிருதப் பண்டிதர் சில வருஷங்களில் தம் பள்ளிக்கே கணினிப் பொறுப்பாளரானதையும்தான் விஸ்தாரமாகச் சொன்னார். ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் பெரும்பாலும் கணக்கோ மலையாளமோ சரித்திரமோ கற்பிப்பவர்.

"பிள்ளைகளுக்குப் பயமே கிடையாது சார். எங்களுக்குத்தான் முதலில் பயம் தெளிய வேண்டியிருந்தது" என்றார்.

புனலூரில் அவர் இறங்கிக்கொண்டார். கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்கு பாலத்தைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று அவர் வற்புறுத்தியும் வண்டி எனக்கு அந்த அவகாசம் தரவில்லை.

கொல்லம்

கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல் எட்டுக் கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. கரையோரக் கடையொன்றில் அவித்த கப்பைக்கிழங்கும், குடம்புளி போட்டுக் காய்ச்சிய சிவந்த மீன் குழம்பும் உண்டேன். ஏழை ஜனங்களின் பஞ்சத்துக்கு மாற்றாகக் கப்பையைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. அரண்மனையின் ஆதரவோடு பரவிய ஒரு கிழங்கு இன்று மலையாளிகளின் சுபாவத்திலேயே சேர்ந்துவிட்டது. மேலிருந்து வரும் உத்தரவு அடுப்பங்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் உயிர் வாழும்போலும்.

கடைக்காரரின் மேசையில் கிடந்த பத்திரிகை 'ஜனயுகம்'. 1947இல் இதே கொல்லத்தில் வாரப் பத்திரிகையாகத் தோன்றி, இடையில் நின்று, 2007இல் மறுபடி உயிர்பெற்ற கம்யூனிஸ்ட் நாளேடு. 2019ஆம் ஆண்டு இப்பத்திரிகை தன் பக்க அமைப்பு வேலை முழுவதையும் லினக்ஸுக்கும் ஸ்கிரைபஸ் என்ற சுதந்திர மென்பொருளுக்கும் மாற்றிக்கொண்டது. தினந்தோறும் நடுநிசிக்குள் அச்சுக்குப் போயாக வேண்டிய ஒரு காரியாலயம் அப்படித் துணிந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைக்காரருக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. "பேப்பர் காலையில் வருகிறதல்லவா?" என்று கேட்டுவிட்டு மீன் துண்டு இன்னொன்றை இலையில் வைத்தார்.

திருவனந்தபுரம்

சிநேகிதரின் வீடு பூஜப்புரையில், பலாவும் மாவும் சூழ்ந்த ஓட்டு வீடு. அந்தப் பேட்டைக்கு மூன்று பிரசித்தி உண்டு என்று அவர் பெருமையாகச் சொல்லுவார்: மத்தியச் சிறைச்சாலை, அச்சிறையிலிருப்பவர்கள் சமைத்து விற்கும் சப்பாத்தி, பள்ளிக் கணினித் திட்டத்தின் தலைமைக் காரியாலயம். முன்பு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்றிருந்தது 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகி, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2019இல் ஒரு புதிய பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது பயன்படுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்நிறுவனம் கணக்குச் சொன்னது. இத்தகைய கணக்குகளில் எனக்கு அவ்வளவாக விசுவாசம் கிடையாது. லினக்ஸ் இல்லாவிட்டால் எந்த அரசும் அத்தனை பணத்தைச் செலவிட்டிருக்கப் போவதில்லை. எண்களைவிட என்னைக் கவர்ந்தது சிநேகிதரின் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு மாணவி; பள்ளியில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் சங்கத்தின் அங்கத்தினர். சட்டையில் அதற்குரிய சின்னத்தைக் குத்திக்கொண்டு, என் மடிக்கணினியை ஒரு வைத்தியரின் கண்களோடு முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், முதலில் பேக்கப். அது இல்லாமல் அப்பூப்பன் தொட மாட்டார்" என்று சிகிச்சையின் விதியைச் சொன்னாள்.

அவ்விதமே, என் கட்டுரைகளும் புகைப்படங்களும் கடிதங்களும் முதலில் தனியான ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்கப்பட்டன. அடுத்து, என் விண்டோஸ் வட்டைப் பூட்டு இல்லாமல் வைத்திருக்கிறேனா என்று சிநேகிதர் பரிசோதித்தார். பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியான நீண்ட எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் மேலே போகக் கூடாதாம். பின்பு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியை நிறுத்தினார். கணினியை மூடினாலும் விண்டோஸ் முழுவதும் உறங்காமல் அரைத் துயிலில் இருக்கும்படி செய்வது அது. அந்த நிலையில் அதன் வட்டை இன்னொருவர் திறந்து எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால், அத்தகைய வட்டைப் படிக்க மட்டும்தான் லினக்ஸ் சம்மதிக்குமாம். இவ்வளவும் முடிந்தபின் காலை ஆகாரம்: புட்டும் கடலைக்கறியும், பூவன் பழமும். புட்டைப் பழத்தோடு பிசைவதா கடலையோடு பிசைவதா என்பதில் அந்த வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. நான் இரண்டு கட்சியிலும் சேர்ந்துகொண்டேன்.

பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற பதிப்பைத் தயாராக வைத்திருந்தார் சிநேகிதர். பள்ளிக்கூடத்துப் பதிப்பை எனக்குக் கொடுக்காமல் இதைத் தேர்ந்ததற்குக் காரணம், விண்டோஸில் பழகிய கண்ணுக்கு இது அதிகம் அந்நியமாகத் தோன்றாது என்பதே. கணினியை முடுக்கியதும் ஒரு பொத்தானை விடாமல் தட்டி, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்து எழும்படி செய்தார். சில நிமிஷங்களில் பச்சையும் சாம்பலுமான ஒரு முகப்பு தோன்றியது. ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தபடியே முழு அமைப்பும் ஓடும் வேடிக்கை இது. அன்று பகல் முழுவதும் என்னை அதிலேயே விட்டுவிட்டார்கள். ஒலி வருகிறதா, திரையின் ஒளி குறைகிறதா, கம்பியில்லா இணையம் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது கட்டளை. இணையம் பிடிக்கவில்லை. அந்த அட்டைக்குரிய இயக்கி தனியாக வர வேண்டுமாம். பேத்தி தன் பாட்டியின் கைப்பேசியைக் கம்பியால் இணைத்து அதன் வழியாக இணையம் ஊட்டி, இயக்கியை இறக்கிக் கொடுத்தாள். லினக்ஸுக்கு வரும் புதியவர்கள் பாதிப் பேர் மனம் சோர்ந்து திரும்பிவிடுவது இந்த இடத்தில்தான் என்று சிநேகிதர் சொன்னபோது, பக்கத்தில் ஒருவர் இருப்பதன் பெறுமதி எனக்கு விளங்கிற்று.

மாலையில் பாகப்பிரிவினை. ஐந்நூறு ஜி.பி. கொண்ட வட்டில், விண்டோஸின் சொந்தக் கருவியைக் கொண்டே அதன் பங்கைச் சுருக்கி, நூற்றிருபது ஜி.பி.யைக் காலி நிலமாக விட்டார்கள். விண்டோஸின் சொத்தை விண்டோஸே அளந்து விட்டுக்கொடுப்பதுதான் நியாயம், வெளியிலிருந்து வந்தவர் வேலியை நகர்த்தலாகாது என்பது சிநேகிதரின் சித்தாந்தம். மூத்த சகோதரன் கையொப்பமிடாத பாகப்பத்திரம் செல்லாது என்பதை அறிந்த தஞ்சாவூர்க் கர்ணம் ஒருவர்கூட இதைவிடச் சிறப்பாகச் சொல்லியிருக்க மாட்டார். யந்திரம் எழுவதற்கு வேண்டிய ஆரம்பக் கோப்புகள் வசிக்கும் சின்னஞ்சிறு பகுதி ஒன்று வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அது இருவருக்கும் பொதுவானது. அதை ஒருபோதும் அழித்துப் புதிதாக்கக் கூடாது. இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகு, 'விண்டோஸோடு பக்கத்தில் நிறுவுக' என்று பொருள்பட நின்ற வரியைத் தேர்ந்து, ஊர் கேட்ட இடத்தில் கொல்கத்தா என்றிருந்ததை அப்படியே விட்டு (இந்தியா முழுமைக்கும் அந்த ஒரே நகரம்தான் நேரத்தின் பிரதிநிதி), கடைசிப் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார்கள்.

நிறுவும் வேலை நடந்துகொண்டிருந்தபோது இராப்போஜனம். அன்று வீட்டில் யாருக்கோ பிறந்த நாள். ஆகவே போளியும் பால் பாயசமும். திருவனந்தபுரத்துக்காரர்கள் இலையில் போளியை விரித்து, அதன் மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் போளியைத் தனியாகவும் பாயசத்தைத் தனியாகவும் உண்டு காலம் கழிக்கும் நாம் இழந்தது எவ்வளவு என்பதை அந்த இலையில்தான் உணர்ந்தேன். உண்டபடியே சிநேகிதர், லினக்ஸின் ஜனனமே இப்படி இரட்டைக் குடித்தனம் நடத்திய ஒரு யந்திரத்தில் நேர்ந்தது என்று ஒரு கதை சொன்னார். 1991இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கணினியில் மினிக்ஸ் என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டு, அதன் பக்கத்தில் தாம் எழுதும் புதியதைச் சிறிது சிறிதாக வளர்த்துவந்தார். ஒரு நாள், சர்வகலாசாலைக் கணினியைத் தொலைபேசியில் அழைக்கும் கட்டளையை மோடத்துக்கு அனுப்ப எண்ணி, கை தவறி ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பிவிட்டார்; மினிக்ஸ் இருந்த பகுதி பாழாயிற்று. அதை மறுபடி நிறுவுவதா, தம்முடைய குழந்தையையே நம்பி இருந்துவிடுவதா என்று யோசித்தவர், இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். "அதனால்தான் நான் பேக்கப் பேக்கப் என்று சொல்லுவது" என்று கதையை முடித்தார் சிநேகிதர். டோர்வால்ட்ஸ் அன்று பேக்கப் வைத்திருந்தால் உலகத்தில் லினக்ஸ் இருந்திருக்குமோ என்னவோ என்று பேத்தி கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

யந்திரம் மறுபடி எழுந்தபோது, கறுப்புத் திரையில் சில வரிகள். மேலே லினக்ஸ் மின்ட், கீழே விண்டோஸ். க்ரப் என்று பெயர் கொண்ட இந்த வாயில்காப்போன் பத்து விநாடி காத்திருக்கிறான்; அதற்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் வரியைத் திறந்துவிடுகிறான். நான் முதலில் விண்டோஸைத் திறந்து என் கட்டுரைகள் யாவும் க்ஷேமம் என்று உறுதி செய்துகொண்டேன். ஆனால் மூலையிலிருந்த கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி, இரவு ஒன்பதரை மணிக்கு மாலை நான்கு என்றது. லினக்ஸ் யந்திரத்தின் உள்கடிகாரத்தில் கிரீனிச் நேரத்தை வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுகிறது. விண்டோஸோ உள்கடிகாரத்தில் இருப்பதே உள்ளூர் நேரம் என்று நம்புகிறது. பேத்தி லினக்ஸுக்குத் திரும்பி, டெர்மினல் என்ற கறுப்புப் பலகையில் ஒரே ஒரு வரியை எழுதி, உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டாள். இன்னொரு விசித்திரமும் கண்டேன். லினக்ஸில் இருந்துகொண்டு விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை எல்லாம் பார்க்கலாம், படிக்கலாம், எழுதலாம்; விண்டோஸோ தன்னளவில் லினக்ஸ் பக்கத்தை அறியாது. அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதே அதற்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, சாலைக் கடைத்தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். தமிழ் வியாபாரிகளின் குரல் ஓயாத தெரு அது; கொத்தமல்லி மூட்டைக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவே நின்று, தமிழில் கேட்டால் மலையாளத்திலும் மலையாளத்தில் கேட்டால் தமிழிலும் விலை சொல்லுவார்கள். விரல்கள் தம் பழைய வழியிலேயே போயின.

திருச்சூர்

வடக்குநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தேக்கின்காடு மைதானத்தில் மாலை நேரத்தில் சீட்டாடும் கூட்டங்களும் அரசியல் பேசும் கூட்டங்களும் தனித்தனியே அமர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் சுற்றிலும் வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கிறார்கள். மைதானத்தை ஒட்டிய சந்தில், சிநேகிதர் சீட்டுக் கொடுத்தனுப்பிய ஓர் அச்சகத்தாரைச் சந்தித்தேன். திருவனந்தபுரத்தில் 'ஸார்' என்று அழைக்கப்படும் ஆசிரியர்கள் இங்கே 'மாஷ்' ஆகிவிடுகிறார்கள். இவர் ஆசிரியர் அல்லர் என்றாலும், எழுத்துருக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டாரென்பதால் தெருவே இவரை மாஷ் என்கிறது.

அவருடைய மேசையிலும் இரண்டு அமைப்புகளும் கொண்ட கணினிதான். லினக்ஸின்மேல் பக்தி உள்ளவர். ஆயினும் விண்டோஸை நீக்கவில்லை. காரணத்தைக் கேட்டேன். பத்துப் பதினைந்து வருஷங்களாக அச்சிட்ட கோயில் மலர்கள், சங்கத்து ஆண்டறிக்கைகள், கலியாண அழைப்பிதழ்கள் எல்லாம் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கிடக்கின்றன. "அவற்றை மாற்றலாம் சார், மாற்றினால் ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து திருத்த வேண்டும். அதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஒரு பத்திரிகைக்கு நேற்றைய தாள் வேண்டாம். எனக்குப் போன வருஷத்து மலர்தான் இந்த வருஷத்துக்கு மூலதனம்." ஜனயுகத்தைப் பற்றிக் கொல்லத்தில் நான் அடைந்த ஆச்சரியத்துக்கு இவ்வளவு நேர்மையான மறுபக்கத்தை வேறு யாரும் காட்டியிருக்க முடியாது. சித்தாந்தமாகப் பேசுகிறவர்கள் இரட்டை அமைப்பைப் பாதிக் கிணறு தாண்டிய பேடித்தனம் என்று ஏசுவதுண்டு. அந்தச் சந்தில் நின்று பார்த்தால் அது ஒரு குடும்பஸ்தனின் விவேகமாகத்தான் தோன்றுகிறது.

அவர் காட்டியவற்றுள் என் மனத்தில் நின்றது ஒரு பழைய மலையாளப் பக்கமும் அதன் புதிய பதிப்பும். 1971இல் கேரள அரசு தட்டச்சுக்கும் அச்சுக்கும் சௌகரியமாக இருக்கும்பொருட்டு மலையாள லிபியைச் சுருக்கியது. ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கூட்டெழுத்துகள் பல பிரிந்து, எழுத்துக்கு வெளியே குறிகளாக நின்றன. கணினி வந்த பிறகு அந்தச் சுருக்கத்துக்கு அவசியமில்லை என்று வாதிட்டு, 1999இல் ஆர். சித்ரஜகுமாரும் கே. எச். ஹுசைனும் சகாக்களும் 'ரசனா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஹுசைன் பணிபுரிந்தது திருச்சூருக்குப் பக்கத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில். நூற்றுக்கணக்கான பழைய கூட்டெழுத்துகளோடு அவர்கள் வடித்த எழுத்துரு பின்னர் சுதந்திர உரிமத்தில் வெளிவந்தது. கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் 2002இல் தொடங்கிய 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற கூட்டத்தார் இத்தகைய எழுத்துருக்களை லினக்ஸில் பிழையில்லாமல் தெரியும்படி செய்தார்கள். ஈய அச்சு தாங்க மாட்டாமல் கைவிட்ட எழுத்துகளை மின்சாரம் மீட்டுக்கொண்டு வந்தது.

நான் 1978க்கு முன்பு எழுதப் படிக்கக் கற்றவன். னை, லை, ணை முதலியவற்றைத் துதிக்கை தூக்கிய வடிவிலும், றா, ணா, னா ஆகியவற்றைச் சுழித்த வடிவிலும் எழுதிய கை இது. சீர்திருத்த ஆணை வந்தபின் அவை மறைந்தன; அவற்றுக்காக இயக்கம் நடத்த வேண்டும் என்று தமிழர் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றியதில்லை. மாஷ் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, "உங்களுக்கு ஒன்று தருகிறேன்" என்று சொல்லி, என் கணினியில் லினக்ஸ் பக்கத்தைத் திறக்கச் செய்து, 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவை நிறுவிக் கொடுத்தார். மலையாளத்துக்கு 'மீரா' வடித்த அதே ஹுசைன் தமிழுக்கு வடித்தது அது. யாரும் எடுத்து வழங்கலாம். கொம்புகளிலும் சுழிகளிலும் மலையாளத்தின் உருட்சி சிறிது ஏறிய, நிதானமான முகம். இந்தக் கட்டுரையை அந்த எழுத்திலேயே எழுதுகிறேன்.

அன்றிரவு புத்தன்பள்ளிக்கு அருகே வெள்ளையப்பம் சுடும் தெருவுக்கு அழைத்துப் போனார். வீட்டு வாசல்களில் விறகடுப்பு மூட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து அப்பம் வார்க்கிறார்கள். ஓரத்தில் முறுகலும் நடுவில் பஞ்சுமாக வந்த அந்த அப்பத்தைத் தின்றுகொண்டே மாஷ் யூனிகோடில் மலையாளச் சில்லெழுத்துகளுக்கு நேர்ந்த வழக்கை ஆதியோடந்தமாக எடுத்துரைத்தார். அதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பம் முழுவதும் புரிந்தது.

பாலக்காடு

பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்ததும் பனைமரங்கள் தலைகாட்டுகின்றன. காற்று வறண்டு, நம்முடைய காற்றாகிவிடுகிறது. ராமசேரிக்குப் போய், மண் கலத்தின் வாயில் வலை கட்டித் துணி விரித்து, தோசைபோலத் தட்டையாக அவித்தெடுக்கும் அந்தப் பிரசித்தமான இட்லியை உண்டேன். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பத்தாரின் கைவண்ணம் என்று சொல்லுகிறார்கள். மிளகாய்ப் பொடியும் தேங்காயெண்ணெயும் தொட்டுக்கொள்ள. மற்றபடி விவரிக்க ஒன்றுமில்லை, போய் உண்ண வேண்டியதுதான்.

கோயம்புத்தூர் வண்டியில் என் பக்கத்தில் அமர்ந்த இளைஞர், போத்தனூரில் பட்டறையொன்றில் வேலை பார்ப்பவர். மடிமேல் கறுப்பு மடிக்கணினி. அதன் முதுகில் தமிழ்நாடு அரசின் முத்திரை. "எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல கொடுத்ததுங்க. இப்ப பாட்டுக் கேக்கறதுக்கு வச்சிருக்கேன்" என்றார். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி நம் அரசு மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் வழங்கிய யந்திரங்களுள் ஒன்று. அவற்றில் பலவற்றுள், விண்டோஸோடு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. நான் சிநேகிதரின் வீட்டில் ஒரு பகல் முழுவதும் பாடுபட்டு அடைந்த அதே இரட்டை வசதியை, எங்கள் மாகாணத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெட்டியைப் பிரிக்கும்போதே பெற்றிருக்கிறார்கள். சென்னையில் லினக்ஸ் ஆர்வலர்கள் 1990களின் இறுதியிலிருந்தே மாதந்தோறும் கூடிப் பேசிவருகிறார்கள். 'கணியம்' போன்ற முயற்சிகளால் எளிய தமிழில் புத்தகங்களும் வந்துவிட்டன. குறை என்னவென்றால், புனலூர் ஆசிரியையைப் போன்ற ஒருவர் பள்ளிக்கு ஒருவராக இல்லாததுதான். மலையாளிகள் உபாத்தியாயரின் பயத்தைத் தெளிவித்துவிட்டு யந்திரத்தைக் கொடுத்தார்கள், நாம் யந்திரத்தை மட்டும் கொடுத்தோம்.

முடுக்கும்போது இரண்டு பெயர்கள் வருமே, கீழே இருப்பதைத் திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

"அது ஏதோ வைரஸுன்னு ஃப்ரெண்டு சொன்னானுங்க. அக்காவும் தொடாதேன்னுட்டுது."

ஜன்னலோரத்து மின்முனையில் செருகி அணைத்து முடுக்கச் சொன்னேன். இரண்டு பெயர்களும் வந்தன. அம்புக்குறியைக் கீழே இறக்கி அவரே தட்டினார். யந்திரம் கிழடுதட்டியது; வெகுநேரம் யோசித்தது. வாளையாற்றுக் காடுகள் கடந்தபின் ஒரு முகப்பு எழுந்தது. மொழி மாற்றும் இடத்தைக் காட்டினேன். கோப்புறைகளின் பெயர்கள் தமிழாயின. பாட்டு இதில் பாடுமா என்று கேட்டார். விண்டோஸ் பக்கத்துப் பாட்டுகளை இங்கிருந்தே திறக்கலாம் என்று காட்டியதும், அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, யந்திரத்தைத் தம் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். "இங்கிருந்து அதைப் பாக்கலாம், அதிலிருந்து இதைப் பாக்க முடியாதுங்களா? ஏனுங்க?" என்று ஆரம்பித்து, டெர்மினல் எங்கே, பாஸ்வேர்ட் எதற்கு, புதுப் பதிப்புக் கிடைக்குமா, அக்கா படித்த காலத்துக் கணக்குக் குறிப்புகள் எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்; தெரியாததற்குப் பூஜப்புரைப் பெண்ணைக் கைப்பேசியில் அழைத்தேன். அவள் மலையாளத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அவர் தட்டினார்.

போத்தனூர் வந்தது. அவர் தலை நிமிர்ந்து நிலையத்தைப் பார்த்தார். "கோயமுத்தூர்ல இறங்கி பஸ்ல வந்துக்கறேனுங்க, நீங்க அடுத்ததைச் சொல்லுங்க" என்றார்.